உறை மோர் இருந்தா தயிர் ரெடி... கம்பைலருக்கு?

பாஸ், ஒரு சின்னக் கேள்வி. நீங்க சி புரோகிராம் எழுதுறீங்க. அதை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் கொடுக்கிறது கம்பைலர். ஓகே. ஆனா, அந்தக் கம்பைலரும் ஒரு புரோகிராம்தானே? அப்போ அதை யார் கம்பைல் பண்ணினது?

செகண்ட் இயர் வைவாவுல இதைக் கேட்டிருந்தா, நான் சீலிங் ஃபேனைப் பார்த்துட்டு நின்னிருப்பேன். தேர்டு இயர்ல பதில் தெரிஞ்சுது. அதுவும் புக்ல இல்லீங்க... நாலு நாள் லேப்ல உட்கார்ந்து அடி வாங்கினதுல!

தக்காளியில ஆரம்பிச்ச தலைவலி

நமக்கு ஊர் கிணத்துக்கடவு. கோவையில இருந்து பொள்ளாச்சி பஸ் ஏறினா, பாதி தூரத்துல மலை மேல வேலாயுதசாமி கோயில் தெரியும்ல... அதே ஊர்தான். ஊரைச் சுத்தி தக்காளிக் காடு. அப்பாவும் தக்காளிதான் போடுறார். ஒரு வாரம் பெட்டிக்கு நல்ல விலை கிடைக்கும். அடுத்த வாரம் பறிக்கிற கூலிக்கே கட்டுபடியாகாது.

அதனால எங்க டீம் மினி புராஜெக்ட்டே தக்காளிதான். அப்பா மூணு வருஷமா கம்பி குத்தி மாட்டி வெச்சிருந்த மார்க்கெட் சீட்டுகளை எல்லாம் டைப் பண்ணி, விலை எப்போ ஏறுது, எப்போ இறங்குதுன்னு கணக்குப் போடுற ஒரு புரோகிராம். டீம்ல நாலு பேர். மத்த மூணு பேரும் வீட்டுல புது லேப்டாப்ல, சி பிளஸ் பிளஸ் 17-ல எழுதிக் கொண்டாந்தாங்க.

டெமோவுக்கு ஆறு நாள் முன்னாடி, செவ்வாய்க்கிழமை, அதை காலேஜ் லேப் சிஸ்டத்துல போட்டோம். 'அப்படி ஒரு ஆப்ஷனே எனக்குத் தெரியாது'ன்னு ஒரே வரியில கைவிரிச்சுடுச்சு. பார்த்தா, லேப்ல இருக்கிறது ஜி.சி.சி. 4.8. அது வெளியானது 2013-ல. சி பிளஸ் பிளஸ் 17 வந்ததே அதுக்கு நாலு வருஷம் கழிச்சு. பாவம், அதுக்கு எப்படித் தெரியும்?

டெமோ லேப் சிஸ்டத்துலதான் காட்டணும், அது ரூல். புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ண அட்மின் பாஸ்வேர்டு கிடையாது. ஆறு நாள்ல மொத்த கோடையும் பழைய ஸ்டைல்ல மாத்தி எழுதலாம். இல்லேன்னா நாலு பேரும் கோவிந்தா!

அப்போ சீனியர் அண்ணா ஒருத்தர் போற போக்குல சொன்னார்: "கம்பைலரையே சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணி, உன் ஹோம் டைரக்டரியில போட்டுக்கோ. அதுக்கு எந்தப் பாஸ்வேர்டும் வேணாம்."

அம்முச்சியின் ஃபார்முலா

'கம்பைலரை கம்பைல் பண்ண கம்பைலர் வேணுமே'ன்னு புலம்பிட்டே வீட்டுக்குப் போனேன். அம்முச்சி பால்ல உறை மோர் ஊத்திட்டு இருந்தாங்க. டக்குனு பல்பு எரிஞ்சுது.

தயிர் வேணும்னா பாலும் வேணும், கொஞ்சம் பழைய தயிரும் வேணும். சோர்ஸ் கோடுதான் பால். சிஸ்டத்துல ஏற்கெனவே இருக்கிற பழைய கம்பைலர்தான் உறை மோர். பழசு புளிச்சிருந்தாலும் பரவாயில்லை, புதுசை உறைய வைக்கிற சக்தி இருந்தாப் போதும்.

'அப்போ உலகத்தோட முதல் தயிருக்கு உறை மோர் யார் கொடுத்தா?'ன்னு கேக்குறீங்களா? நானும் கேட்டேன். "உறை மோர் இல்லாட்டி காம்போட வரமிளகாயைப் பால்ல போட்டு வெப்போம் சாமி"ன்னாங்க அம்முச்சி. கம்ப்யூட்டர் உலகத்துலயும் அதே கதைதான். 1952-ல கிரேஸ் ஹாப்பர் 'ஏ-0'ன்னு ஒண்ணு செஞ்சப்போ, உதவிக்கு வேற கம்பைலர் எதுவும் கிடையாது. எல்லாம் கையால மெஷின் மொழியில எழுதினதுதான். அந்த மிளகாய்க் காம்புல ஆரம்பிச்ச தயிர்தான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

ஜி.சி.சி-யோட கதை இன்னும் சுவாரஸ்யம். 1983-ல ரிச்சர்டு ஸ்டால்மேன், யார் வேணும்னாலும் எடுத்து மாத்தி, பகிர்ந்துக்கிற மாதிரி யூனிக்ஸ் போல ஒரு சிஸ்டம் எழுதப் போறேன்னு அறிவிச்சார். அதுதான் 'குனு'. அதுக்குன்னு ஒரு கம்பைலர் வேணுமே? 1987-ல ஜி.சி.சி. வெளியாச்சு. இலவசம்கிறதைவிடப் பெரிய விஷயம், அதோட பாலும் உங்களுக்கே சொந்தம்!

களத்துல இறங்கலாம் வாங்க

ஸ்டெப் 1: எந்த வெர்ஷன்? நான் ஆசை ஆசையா ஜி.சி.சி. 15-ஐ இறக்கினேன். கான்ஃபிகர் கொடுத்ததும், 'சி பிளஸ் பிளஸ் 14 தெரிஞ்ச கம்பைலர் வேணும்'னு நிறுத்திடுச்சு. பதினஞ்சுக்கு உறை மோரா குறைஞ்சது 5.4 வேணும். 11-ல இருந்து 14 வரைக்கும் 4.8 போதும். அதனால 12-க்கு இறங்கி வந்தேன். உங்க சிஸ்டத்துல அதைவிடப் பழசு இருந்தா, ஏணி மாதிரி ஏறணும். பழசை வெச்சு நடுவுல ஒண்ணு, அதை வெச்சு புதுசு.

ஸ்டெப் 2: துணைக்கு ஆட்கள். ஜி.சி.சி-க்கு பெரிய எண்களைக் கணக்குப் போட ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி.ன்னு மூணு லைப்ரரி கண்டிப்பா வேணும். தனித்தனியா தேடி அலையாதீங்க. சோர்ஸுக்குள்ளயே 'கான்ட்ரிப்' ஃபோல்டர்ல, 'டவுன்லோடு ப்ரீரெக்விசிட்ஸ்'னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. சோர்ஸ் ஃபோல்டர்ல நின்னுட்டு அதை ஓட்டினா, எல்லாத்தையும் இறக்கி வெச்சுடும்.

ஸ்டெப் 3: தனிப் பாத்திரம். சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளயே பில்ட் பண்ணாதீங்க. பக்கத்துல காலியா ஒரு ஃபோல்டர் திறந்து, அங்கிருந்து கான்ஃபிகரைக் கூப்பிடுங்க. ஏதாவது சொதப்பினா அந்த ஃபோல்டரை மட்டும் அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். இடமும் பார்த்துக்கோங்க. இறக்குற ஃபைல் 100 எம்.பி-க்குள்ளதான். பிரிச்சா ஒரு ஜி.பி. ஆகும். பில்ட் முடியறப்போ பல ஜி.பி. தின்னுடும்.

ஸ்டெப் 4: கான்ஃபிகர். இதுல மூணு ஆப்ஷன் முக்கியம். 'ப்ரிஃபிக்ஸ்'ல உங்க ஹோம் டைரக்டரியில ஒரு இடத்தைச் சொல்லுங்க. பாஸ்வேர்டு தேவைப்படாத ரகசியமே இதுதான். 'லாங்குவேஜஸ்'ல சி, சி பிளஸ் பிளஸ் மட்டும் போதும்னு சொல்லுங்க. ஃபோர்ட்ரான் எல்லாம் சேர்ந்தா நேரம்தான் வீண். 64 பிட் சிஸ்டத்துல 32 பிட் லைப்ரரி இல்லேன்னா, 'டிஸேபிள் மல்ட்டிலிப்' போடுங்க. நான் போடலை. புதன்கிழமை சாயங்காலம் அதுலயே போச்சு.

ஸ்டெப் 5: மேக். இங்கதான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். வேகமா முடியட்டும்னு 'ஜே 4' கொடுத்து, நாலு வேலையை ஒரே நேரத்துல ஓடவிட்டேன். 2 ஜி.பி. ரேம் சிஸ்டம் அது. அரைமணி நேரத்துல திணறி, 'கில்டு'ன்னு ஒரு வார்த்தையோட நின்னுடுச்சு. கம்பைலர்ல பிரச்னை இல்லை. மெமரி பத்தாம, லினக்ஸே அதைப் போட்டுத் தள்ளிடுச்சு. இதுக்கு மருந்து சிம்பிள். ஒரே ஒரு வேலையா, மறுபடி மேக் கொடுங்க. விட்ட இடத்துல இருந்து தொடரும். பி.எஸ்.டி. மாதிரி வேற யூனிக்ஸ்ல இருந்தா, அங்கே இருக்கிற மேக் சரிப்படாது. குனு மேக் வேணும்.

மூணு தடவை உறைய வைக்கிற தயிர்

ஏன் இவ்வளவு நேரம் எடுக்குதுன்னு சீனியர்கிட்ட கேட்டேன். அசந்துட்டேன். ஜி.சி.சி. தன்னைத்தானே மூணு தடவை கட்டிக்குது!

முதல் ரவுண்டுல, லேப்ல இருந்த 4.8 வெச்சு புது கம்பைலர் ரெடியாகும். ஆனா, அதைச் செஞ்சது பழைய கை. அதனால ரெண்டாவது ரவுண்டுல, அந்தப் புது கம்பைலரை வெச்சு அதே சோர்ஸை மறுபடி கம்பைல் பண்ணும். மூணாவது ரவுண்டுல, ரெண்டாவதுல வந்ததை வெச்சு இன்னொரு தடவை. கடைசியில ரெண்டாவதையும் மூணாவதையும் பைட் பைட்டா ஒப்பிடும். ரெண்டும் ஒண்ணா இருந்தா, கம்பைலர் தன்னைத்தானே சரியா எழுதிக்குதுன்னு அர்த்தம். வித்தியாசம் இருந்தா, எங்கேயோ தப்பு. அதோட நிறுத்திடும்.

இது எல்லாத்தையும் பிடிச்சுடுமான்னா... இல்லை! யூனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கென் தாம்ப்சன், டூரிங் விருது உரையில ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். 1984-ல அச்சான உரை அது. கம்பைலர்ல ஒரு தடவை விஷத்தை வெச்சுட்டா, அப்புறம் சோர்ஸ்ல இருந்து அதை அழிச்சாலும், அந்தக் கம்பைலர் அடுத்த கம்பைலருக்குள்ள கமுக்கமா விஷத்தைக் கடத்திடும். சோர்ஸைப் படிச்சுப் பார்த்தா சுத்தமா இருக்கும்! கெட்டுப்போன உறை மோர்ல, எவ்வளவு நல்ல பாலை ஊத்தி என்ன பிரயோஜனம்? இதுக்கு டேவிட் வீலர்னு ஒருத்தர் 2000-களில் வழி சொன்னார். சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பைலரை வெச்சு கட்டிப் பார்த்து ஒப்பிடணும். அதாவது, பக்கத்து வீட்டுல இருந்து உறை மோர் வாங்கிப் பார்க்கிறது!

"லைட்டை மட்டும் அணைச்சுக்கறேன் கண்ணு"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை. ஸ்க்ரீன்ல இன்னும் முதல் ரவுண்டே முடியலை. லேப் அண்ணா சாவியோட வந்து நின்னார்.

"ஏங் கண்ணு, இன்னும் கெளம்பலியா?"

"இல்லீங்ணா... இது ராத்திரி பூரா ஓடணுங்ணா. ஆஃப் பண்ணினா திங்கட்கிழமைக்குள்ள முடியாதுங்ணா."

அவருக்கு கம்பைலர் எல்லாம் தெரியாது. என் மூஞ்சியைப் பார்த்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார். அப்புறம் மெயின் ஸ்விட்ச் பக்கம் போகாம, ஒவ்வொரு சிஸ்டமா அணைச்சுட்டு வந்தார். எங்க சிஸ்டம் மேல மட்டும் 'ஆஃப் செய்யாதீர்'னு ஒரு பேப்பர் ஒட்டினார். "லைட்டை மட்டும் அணைச்சுக்கறேன் கண்ணு." நான் 'நோஹப்' போட்டு ஓடவிட்டுட்டு வந்தேன். அதைப் போட்டா, நாம லாக் அவுட் பண்ணினாலும் வேலை நிக்காது.

சனிக்கிழமை காலையில லாக் ஃபைலைத் திறந்தா, 'ஒப்பிடுகிறேன்'ங்கிற வரிக்குக் கீழே, 'செக்சம் ஃபைல் மாறுது'ன்னு எச்சரிக்கை! நெஞ்சே நின்னுடுச்சு. அடுத்த வரி: 'ஒப்பீடு வெற்றி'. அந்த செக்சம் ஃபைல் எப்பவுமே மாறுமாம், அதைக் கண்டுக்க மாட்டாங்களாம். அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!

'மேக் இன்ஸ்டால்' அடிச்சு, பாத்-ல புது கம்பைலரை முன்னாடி வெச்சேன். புராஜெக்ட் கம்பைல் ஆச்சு. ஓடவிட்டா... அவுட்! பழைய சி பிளஸ் பிளஸ் லைப்ரரியை எடுத்துக்கிட்டு, 'இந்த வெர்ஷன் இல்லை'ன்னு ஒரே புலம்பல். இது எல்லாரும் மாட்டுற இடம். கம்பைலர் புதுசு, ஆனா ஓடுறப்போ தேடுற லைப்ரரி பழசு. 'எல்.டி. லைப்ரரி பாத்'ல நம்ம புது லைப்ரரி ஃபோல்டரைச் சேர்த்ததும், மூணு வருஷத் தக்காளி விலையும் ஸ்க்ரீன்ல வரிசையா ஏறி இறங்கிச்சு. லேப் அண்ணாதான் முதல்ல கை தட்டினார்.

நீங்களும் செய்யலாமே!

உண்மையைச் சொல்லிடுறேன். உங்க சொந்த லேப்டாப்னா இவ்வளவு பாடு தேவையில்லை. புது லினக்ஸ் போட்டாலே புது கம்பைலர் கூடவே வந்துடும். ஆனா, உங்களோடது இல்லாத சிஸ்டத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இந்த வித்தை கை கொடுக்கும். கத்துக்கிறதுக்காகவே ஒரு தடவை செஞ்சு பார்க்கலாம்.

2011-ல தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதுல சென்னை சி-டாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் இருந்துச்சு. அக்காவோ அண்ணனோ வாங்கின அந்த லேப்டாப் பரண்ல தூங்கினா, அதை எடுத்துத் தூசி தட்டுங்க. ஜி.சி.சி. உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க ஆசையா? மும்பை ஐ.ஐ.டி-யில பேராசிரியர் உதய் கேட்கர் நடத்தின ஜி.சி.சி. ரிசோர்ஸ் சென்டரோட பயிலரங்கக் குறிப்புகளைத் தேடிப் படிங்க. தமிழ்லயே புரோகிராம் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கின 'எழில்' மொழியையும் பாருங்க. எழில் ஓடுறது பைத்தான் மேல. பைத்தானோட அஸ்திவாரம் சி. அந்த சி-க்கு ஒரு கம்பைலர். எங்கே சுத்தினாலும் உறை மோர்கிட்டதான் வந்து நிக்கணும்!

திங்கட்கிழமை டெமோவுல எக்ஸாமினர் சார் முதல்ல கேட்டது தக்காளியைப் பத்தி இல்லை. "இந்த சிஸ்டத்துல இது எப்படிப்பா கம்பைல் ஆச்சு?" பத்து நிமிஷம் மூணு ரவுண்டையும் சொன்னேன், சீலிங் ஃபேனைப் பார்க்காம!

அப்பாகிட்டயும் புரோகிராமைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "விலை எப்போ ஏறும்னு மெஷின் சொல்லுது, சரி... அதுவரைக்கும் பழுக்காம இருன்னு செடிகிட்ட யாரு கண்ணு சொல்றது?"

அடுத்த புராஜெக்ட்டுக்கு டாபிக் ரெடி!