உள்ளம் உரைக்கும் உண்மை

ஸ்விட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் ழான் பியாஜே தமது இளமை நினைவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். அவர் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. பாரிஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றில் செவிலி அவரைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்திக் கொண்டிருந்தாள். ஒருவன் பாய்ந்து வந்து குழந்தையைக் கவர முயன்றான். அவள் போராடினாள், அவள் முகத்தில் நகக்கீறல்கள் பட்டன, கூட்டம் கூடிற்று, காவலர் வரவே கயவன் ஓடிவிட்டான். இக்காட்சி முழுவதும் பியாஜேயின் மனக்கண்முன் தெளிவாக நின்றது. அவருக்கு ஏறத்தாழப் பதினைந்து வயதானபோது அச்செவிலி அவருடைய பெற்றோருக்குக் கடிதம் எழுதினாள். தான் சொன்னது கட்டுக்கதை என்றும், கீறல்கள் தானே உண்டாக்கிக் கொண்டவை என்றும் ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பியாஜே பொய் கூறவில்லை. பிறர் சொல்லக் கேட்டதை அவர் உள்ளம் கண்டதாகவே பதித்துக்கொண்டது. அவ்வாறாயின், நோயாளியின் சொல்லையே சிகிச்சைக்கு வழியாகக் கொண்ட உளப்பகுப்பாய்வில் உண்மை என்பது யாது?

1896-ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர்கள் முன்னிலையில் சிக்மண்ட் பிராய்ட் பேசினார். தாம் ஆராய்ந்த ஹிஸ்டீரியா நோயாளிகள் 18 பேரிடத்தும் நோயின் வேர், குழந்தைப் பருவத்தில் நேர்ந்த பாலியல் கொடுமையே என்றார். மறு ஆண்டு செப்டம்பரில், அக்கொள்கையில் தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நண்பர் வில்ஹெல்ம் பிளீஸுக்கு எழுதினார். நடந்த நிகழ்ச்சியையும், உணர்ச்சியேறிய கற்பனையையும் வேறு பிரித்துக் காட்டும் அடையாளம் அடிமனத்தில் இல்லை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பின்னர் இதிலிருந்தே ‘உளமெய்ம்மை’ என்னும் கருத்து வளர்ந்தது. கற்பனையே ஆயினும் அது ஒருவரை வருத்துமாயின், அவ்வருத்தம் மெய்யே அன்றோ?

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர போஸ். பார்சிபாகான் சந்தில் இருந்த அவர் இல்லமே, 1922-இல் தோன்றிய இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் இருப்பிடமாயிற்று. பிராய்டை நேரில் கண்டிராத போஸின் நண்பர் ஒருவர், அவர் உருவத்தைக் கற்பனையாகவே வரைந்தார். படம் வியன்னாவுக்குச் சென்றது. தம்மை முழு ஆங்கிலேயராக்கி விட்டார்கள் என்று பிராய்ட் வேடிக்கையாக எழுதினார். காணாத ஒன்றைத் தீட்டுவதில் ஓவியரின் கைக்கும் நம் நினைவுக்கும் அதிக வேற்றுமை இல்லை.

உளமெய்ம்மை என்னும் கருத்தால் நன்மையும் விளைந்தது, தீங்கும் விளைந்தது. உண்மையிலேயே கொடுமைக்கு ஆளான குழந்தையின் சொல்லும் கற்பனை என்று ஒதுக்கப்படலாயிற்று. 1932-இல் வீஸ்பாடன் மாநாட்டில் பிராய்டின் அணுக்கச் சீடர் சாண்டோர் பெரென்ஸி, அத்தகைய கொடுமைகள் மெய்யாகவே நிகழ்கின்றன என்று வாதாடினார். அதனைப் பிராய்ட் விரும்பவில்லை. ஆசிரியரின் புகழ் சீடரின் சான்றைவிடக் கனமாக இருந்த காலம் அது.

அரை நூற்றாண்டு சென்றபின் அமெரிக்காவில் துலாக்கோல் மறுபுறம் சாய்ந்தது. மருத்துவர் சிலர் நோயாளியை மீண்டும் மீண்டும் தூண்டி, மறைந்த நினைவுகளை வெளிக்கொணர்வதாக எண்ணினர். நடவாதவற்றை நம்பி மக்கள் பெற்றோர்மீது வழக்குத் தொடுத்தனர், குடும்பங்கள் சிதறின. எலிஸபெத் லாப்டஸ் என்னும் அறிஞர் 1995-இல் வெளியிட்ட சோதனையில், சிறு வயதில் கடைத்தொகுதி ஒன்றில் வழிதவறிப் போனதாக 24 பேரிடம் ஒரு பொய்க்கதை கூறப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முழுமையாகவோ அரைகுறையாகவோ அதனை ‘நினைவு கூர்ந்தனர்’.

பிராய்டும் தமது முதுமையில், 1937-இல் எழுதிய கட்டுரையில், மருத்துவரின் ஊகத்திற்கு நோயாளி ‘ஆம்’ என்று தலையசைப்பது சான்றாகாது என எச்சரித்தார். வெறும் ‘இல்லை’யும் அப்படியே. அதன்பின் நோயாளியிடமிருந்து தாமாக எழும் புதிய நினைவுகளையே அவர் கவனிக்கச் சொன்னார். ‘கதையின் உண்மை வேறு, வரலாற்றின் உண்மை வேறு’ என்று டொனால்ட் ஸ்பென்ஸ் 1982-இல் நூல் எழுதியதும் இவ்வழியிலேயே.

ஓர் உதாரணம் கொள்வோம். ‘ஐந்து வயதில் என் தாய் என்னைக் கைவிட்டாள்’ என்கிறார் ஒருவர். விசாரித்தால், தம்பி பிறந்த சமயம் அன்னை பத்து நாள் மருத்துவமனையில் இருந்தாள் எனத் தெரிகிறது. நாட்காட்டிக்குப் பத்து நாள். குழந்தைக்கு அது முடிவில்லாத காலம். தாயைக் குற்றவாளியாக்காமலும் மகனைப் பொய்யனாக்காமலும் இவ்விரண்டையும் அவர் ஒருசேர ஏற்கும்படி துணைநிற்பதே நல்ல மருத்துவரின் வேலை. இதற்கு மாதங்கள் பல ஆகும்.

ஆனால், ஒரு குழந்தை இன்று தனக்கு நேரும் கொடுமையை நம்மிடம் சொல்லுமாயின் நிலைமை வேறு. அங்கே உட்பொருள் தேடிக்கொண்டிருக்க இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும், மருத்துவர் உட்பட, காவல்துறைக்கு அறிவித்தாக வேண்டும். நடந்ததா என ஆராய்வது அவர்கள் கடமை. அதுவரை குழந்தையைக் காப்பது நம் கடமை.