பழைய காரில் தானியங்கிக் கருவி மாட்டலாமா?

புது கார்கள் தானே பிரேக் பிடிக்கின்றன, தானே லேனை விட்டு விலகாமல் போகின்றன. பெங்களூரு காக்ஸ் டவுனில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஐந்து வருஷத்து வண்டியிலும் அப்படியொரு கருவியை வாங்கி மாட்ட முடியுமா? அதற்குமுன் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவினால் 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் தட்டுப்படும். இதுதான் ஓபிடி போர்ட் (வண்டி தன் கோளாறைச் சொல்லும் இடம்). இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். எஞ்சின் லைட் எரிந்தால் மெக்கானிக் ஸ்கேனர் செருகுவது இதில்தான்.

அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் என்ன? எஞ்சின், பிரேக், ஏர்பேக் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. அவை தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் இரட்டைக் கம்பிதான் கேன் பஸ். இதை 1986இல் அறிமுகப்படுத்தியது பாஷ். ஆடுகோடியில் நாம் ‘மைக்கோ’ என்று சொல்லிப் பழகிய அதே கம்பெனி. வெளியாள் யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. அதனால் செய்தி சரியான வடிவில் வந்தால் போதும், அனுப்பியது யார் என்று கேன் கேட்காது.

எனவே எந்தக் கருவியை வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இது வண்டியின் தகவலைப் படிக்க மட்டும் செய்யுமா, வண்டிக்குக் கட்டளையும் போடுமா?

கட்டளை போடும் கருவிக்குப் பெயர்போனது அமெரிக்காவின் காமா நிறுவனம். 2016இல் அது விற்கவிருந்த கருவி பற்றி அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. நிறுவனர் ஜார்ஜ் ஹாட்ஸ் அந்தக் கருவியின் விற்பனையைக் கைவிட்டு, ‘ஓப்பன்பைலட்’ என்ற அதன் மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். நம் வண்டிக்கு அது பொருந்துமா? கட்டளைக்குத் திரும்பும் ஸ்டியரிங் கம்பெனியிலிருந்தே வந்திருந்தால்தான் அது வேலை செய்யும். சாதாரண ஹேட்ச்பேக்கில் மாட்டிப் பயனில்லை. மாட்டிய வண்டியிலும் டிரைவர் சாலையைப் பார்த்தே ஆகவேண்டும். பார்க்கிறாரா என்று ஒரு கேமரா அவர் முகத்தையே கவனிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வயரை வெட்டி ஒட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி எழும். ஆட்டோ எதிர்த்திசையில் வரும், கோடே போடாத நம் தெருக்களில் இந்த வகைக் கருவி வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து.

எச்சரிக்கை மட்டும் செய்யும் கேமரா வேறு வகை. நாக்பூரில் 2021இல் தொடங்கிய ஐராஸ்தே என்ற சாலைப் பாதுகாப்புத் திட்டத்தில் நகரப் பேருந்துகளில் இதைப் பொருத்தினார்கள். முன்வண்டி நெருங்கினால் சத்தம் கொடுக்கும். பிரேக் டிரைவரின் காலில்தான் இருக்கும். வாங்குவதானால் இதை வாங்குங்கள்.

தகவலைப் படிக்கும் டாங்கிள் (ஓபிடியில் செருகும் சின்னக் கருவி) ஆபத்தில்லாததா? சிம் போட்டது என்றால் கவனம் தேவை. 2015இல் சான் டியேகோ ஆய்வாளர்கள் அப்படியொரு டாங்கிளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே ஒரு கார்வெட் காரின் பிரேக்கை இயக்கிக் காட்டினார்கள். இங்கும் 2022 முதல் ஓட்டும் விதத்தைப் பொறுத்த இன்ஷூரன்ஸுக்கு அனுமதி உண்டு. அதற்காக டாங்கிள் கொடுத்தால் எந்தத் தகவல் போகிறது, யாருக்குப் போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புளூடூத் டாங்கிளை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால், வண்டி பல நாள் நிற்கும்போது பேட்டரியும் இறங்கும்.

டாங்கிளின் நல்ல உபயோகம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது தெரியும். எஞ்சின் லைட் எரியவில்லை என்று நம்பிவிடாதீர்கள். விற்பவர் முந்தின நாள்தான் கோளாறுக் குறியீட்டை அழித்திருக்கலாம். அழித்திருந்தால், வண்டியின் சுயசோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று டாங்கிளோடு இணைந்த போன் ஆப் காட்டும். அப்போது நாலு நாள் ஓடட்டும், மறுபடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.