அகழ்ந்த மண் எங்கே போகும்?

மாவனல்லை போன்ற மலைச்சரிவுப் பகுதிகளில் குளமொன்றை அகலிக்கும்போது, அது கொள்ளும் நீரை மட்டுமன்றி, வெளிவரும் மண்ணையும் நாம் கணக்கிடுதல் வேண்டும்.

40 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட நிலத்தை 4 அடி ஆழத்துக்கு அகழ்ந்தால் 4,800 கன அடி மண் வெளிப்படும். இறுகிக் கிடந்த மண் அகழப்பட்டதும் தளர்கிறது. ஏறத்தாழ நாலிலொரு பங்கு பெருத்து 6,000 கன அடியாகிறது. அதன் எடையோ 200 தொன்னுக்கு மேற்பட்டது.

அதனைக் கீழ்ப்புறச் சரிவில் கொட்டிவிடுதல் எளிது, ஆபத்தும் அதுவே. தளர்ந்த மண் மழைநீரை உறிஞ்சிப் பாரமேறுகிறது. துளைகளில் நீரமுக்கம் உயர, மண்ணின் பிடிமானம் குன்றுகிறது. அயலிலுள்ள அரநாயக்கவில் 2016 மே 17ஆம் நாள் நிகழ்ந்த மண்சரிவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அது பெருமழையால் விளைந்தது. குளம் வெட்டியதால் அன்று. ஆயினும், நீரேறிய சரிவின் இயல்பை அது உணர்த்திற்று.

எனவே, மேல்மண்ணை வேறாக எடுத்துப் பயிர்நிலத்திற் பரப்புதல் நன்று. அடிமண்ணைச் சமதரைக்குக் கொண்டுசென்று, அரையடிப் படைகளாக இட்டு, திமிசால் இறுக்கிப் புல் பதித்தல் வேண்டும். ஓடையில் தள்ளினால் அது மாஓயாவைத் தூர்க்கும்.

1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம், மண்ணைக் காத்தலைத் தனியார் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடவில்லை. மண்ணைச் சுமந்தகற்றும் கூலியும் குளத்தின் செலவே. அதனை மிச்சம்பிடிக்கும் நிலவுடைமையாளர், கீழே லயன்களில் வாழ்வோர்மீது அச்செலவைச் சுமத்துகின்றார் என்பதே நமது கருத்து.