மன அதிர்ச்சிக்கு உடல்வழிச் சிகிச்சை

பால்கன் தீபகற்பத்தின் நடுவே அமைந்துள்ள கொசோவோப் பிரதேசத்தில் 1998-ஆம் ஆண்டு மூண்ட போர் 1999 ஜூன் மாதத்தில் ஓய்ந்தது. அதற்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தங்கள் வீடுவாசல்களினின்று விரட்டப்பட்டு, அல்பேனியா, மாசிடோனியா முதலிய அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்திருந்தனர். பிரதேசத்தின் தென்பகுதியிலுள்ள சுஹாரேகா என்னும் சிறு நகரில் மட்டும், 1999 மார்ச் 26 அன்று ஒரே நாளில், ஒரே குலத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டனர். போர் நின்றதும் அகதிகள் ஊர் திரும்பினர். பள்ளிகளும் மீண்டும் திறக்கப்பட்டன. எரிந்த கூரையைப் புதிதாக வேய்ந்துவிடலாம். ஆனால் அக்கூரையின் கீழ் வந்தமர்ந்த மாணவரின் உள்ளத்தைச் செப்பனிடும் வேலை அத்துணை எளிதன்று. மனநோய் மருத்துவர்களோ மிகச் சிலரே இருந்தனர். இந்நிலையில் அவ்வூர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே நடத்தப்பட்ட ஒரு சிகிச்சைமுறையும், அதன் பயனை அளந்தறிய மேற்கொள்ளப்பட்ட ஆராய்ச்சியும் நம் நாட்டு ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருக்கத் தக்கவையாகும்.

பெரும் ஆபத்தில் அகப்பட்டு உயிர் தப்பியவர் சில நாட்கள் உறக்கமின்றித் தவிப்பது இயல்பே. பெரும்பாலோருக்கு இத்தவிப்பு நாளடைவில் தானாகவே தணிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் அது தணிவதில்லை. நடந்து முடிந்த நிகழ்ச்சி, கனவிலும் நனவிலும் அழையாமலே வந்து நிற்கிறது. அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் பேச்சையும் அவர்கள் விலக்குகின்றனர். கதவு சாத்தும் ஓசைக்கும் துள்ளி எழுகின்றனர். ஒரு மாதத்துக்கு மேலும் இக்குறிகள் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைக்குமாயின், அதனை அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய் என்பர். முதல் உலகப் போரின்போது படைவீரரிடம் இதனைக் கண்ட மருத்துவர்கள், வெடிகுண்டு அதிர்ச்சி என்று பெயரிட்டனர். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய் அட்டவணையில் இப்போதைய பெயருடன் இது இடம்பெற்றது 1980-இல்தான். பிள்ளைகளிடம் இந்நோய் பலவேளை மாறுவேடம் பூண்டே வரும். பாடத்தில் கவனமின்மை, காரணம் காணாத வயிற்றுவலி, சிறு சொல்லுக்கும் சீற்றம், சன்னலுக்கு வெளியே வெறித்த பார்வை ஆகியவை ஆசிரியர் கண்ணுக்குச் சோம்பலாகவோ முரட்டுத்தனமாகவோ தோன்றக்கூடும். அதற்காகப் பிரம்படி பெற்ற பிள்ளைகள் எத்தனை பேரோ!

உள்ளத்தில் பட்ட அடி உடலில் வெளிப்படுவது எவ்வாறு? அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன், அச்சமும் சினமும் உடலில் விளைக்கும் மாறுதல்களைப் பற்றி 1915-இல் வெளியிட்ட நூலில் இதற்கு அடிப்படை விளக்கம் தந்தார். பூனையின் முன் நாய் குரைத்தால், பூனையின் சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் சொரிகின்றன. இதயம் விரைகிறது, கண்பாவை விரிகிறது, செரிமானம் நின்றுவிடுகிறது, தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்கு மிகுதியாகப் பாய்கிறது. போரிடுவதற்கோ ஓடுவதற்கோ உடல் ஆயத்தமாகிறது. இவ்வேலையை நடத்துவது பரிவு நரம்பு மண்டலம். ஆபத்து நீங்கியபின் உடலை அமைதிக்குத் திருப்புவது துணைப் பரிவு நரம்பு மண்டலம். இரண்டும் நம் விருப்பத்தை எதிர்பாராமல் இயங்குபவை.

மேற்கூறிய நோயில், நாய் போனபின்னரும் பூனை முதுகை வளைத்தபடியே நிற்கிறது எனலாம். மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி, ஆபத்தை மோப்பம் பிடித்து அபாயமணி அடிக்கும் காவற்காரனைப் போன்றது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி, “இது பழைய சங்கதி, இப்போது ஆபத்தில்லை” என்று அக்காவற்காரனை அடக்கவேண்டும். இந்நோயாளர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், பலரிடம் காவற்காரன் மிகை விழிப்புடனும், அடக்கவேண்டிய பகுதி சோர்ந்தும் காணப்படுவதாகக் கூறியுள்ளனர். ஆகவே, “பயப்படாதே” என்று ஆயிரம் முறை அறிவுறுத்தினாலும் பயன் சிறிதே. நோயாளருக்கும் அது தெரிந்ததுதான். உடல்தான் கேட்க மறுக்கிறது.

உடல் கேட்கக்கூடிய மொழியில் உடலோடு பேசினால் என்ன என்பதே உடல்வழிச் சிகிச்சையின் தொடக்கக் கேள்வி. இதயத் துடிப்பையோ செரிமானத்தையோ நாம் நேரே கட்டளையிட்டு மாற்ற இயலாது. ஆயினும் தானாக இயங்குவதும், நாம் விரும்பியவாறு மாற்றத்தக்கதுமான ஒரு செயல் உண்டு, அதுவே மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதையும், வெளிவிடும்போது தளர்வதையும், மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்க்கும் எவரும் உணரலாம். இளவயதினரிடம் இவ்வேறுபாடு நன்கு புலப்படுமாதலால், வகுப்பில் உபகரணம் ஏதுமின்றிச் செய்துகாட்டத்தக்க பரிசோதனை இது. மூளையினின்று இறங்கி இதயம், குடல் முதலிய உறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பு, துணைப் பரிவு மண்டலத்தின் பிரதான வழியாகும். மூச்சு நிதானமாக, வயிறு அசைய, வெளிமூச்சு நீண்டு நடைபெறும்போது அந்நரம்பின் வழியே இதயத்துக்குச் செல்லும் அடக்கும் செய்தி வலுப்பெறுகிறது.

இவ்வகைப் பயிற்சிகளை ஒன்றுதிரட்டி, போராலும் பேரிடராலும் தாக்குண்ட மக்களிடையே பரப்ப முற்பட்டவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் கோர்டன் என்னும் அமெரிக்க மனநோய் மருத்துவர். அந்நாட்டுத் தேசிய மனநல நிலையத்தில் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றிய இவர், 1991-இல் வாஷிங்டன் நகரில் மனம்-உடல் மருத்துவத்துக்கென ஒரு மையத்தை நிறுவினார். கொசோவோவில் போர் ஓய்ந்தபின் இம்மையத்தினர் உள்ளூர் மருத்துவப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்தனர். பயிற்சி பெறுவோர் முதலில் தம்மீதே அப்பயிற்சிகளைச் செய்துபார்க்க வேண்டும் என்பது இவர்களது விதி. இதன் நியாயம் வெளிப்படை. சுஹாரேகாவின் ஆசிரியர்களும் அதே போருக்குள் வாழ்ந்தவர்களே. தம் நெஞ்சு படபடக்கும்போது பிறர் நெஞ்சை ஆற்றுவது எங்ஙனம்?

மாணவர் சிறு குழுக்களாக வட்டமிட்டு அமர்வர். முதலில் கற்பிக்கப்படுவது வயிற்றைத் தளர்த்தி மூச்சுவிடுதல். நாற்காலியிற் சாய்ந்து, மூக்கினால் மெல்ல இழுத்து, வாயினால் மெல்ல விடவேண்டும். வயிற்றை இறுக்காமல் இளக விடவேண்டும். எண்ணம் ஓடினால் ஓடட்டும் என்று விட்டு, கவனத்தை மீண்டும் மூச்சுக்கே திருப்புவது தவிர வேறு சாமர்த்தியம் எதுவும் இதில் இல்லை. பிராணாயாமத்தை அறிந்த நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம் இதில் இல்லை என்பதை மட்டும் கவனித்தல் வேண்டும்.

அடுத்தது சுவையானது. பரிவு நரம்புகள் கிளர்ச்சியுறும்போது விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அச்சமுற்றவர் கை சில்லிட்டுப் போவது இதனாலேயே. ஜெர்மானிய மருத்துவர் யோஹன்னஸ் ஷுல்ட்ஸ் 1932-இல் நூலாக வெளியிட்ட தற்பயிற்சி முறையில், “என் கைகள் கனமாக இருக்கின்றன, கைகள் வெதுவெதுப்பாக இருக்கின்றன” என்ற பொருள்படும் சொற்றொடர்களைப் பயில்பவர் மனத்துக்குள் அமைதியாகத் திரும்பத் திரும்பக் கூறுவார். உடல் தளரும்போது இரத்தக் குழாய்கள் விரிந்து விரல்களின் வெப்பநிலை மெய்யாகவே உயருகிறது. இதனைச் சிறு வெப்பமானியைக் கொண்டோ, வெப்பத்துக்கேற்ப நிறம் மாறும் பொட்டைத் தோலில் ஒட்டியோ காணலாம். தன் உடலில் தன் வசப்படாது எனக் கருதிய ஒன்று தன்னால் மாறுவதை மாணவன் கண்ணெதிரே காண்கிறான். எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்ற உணர்வே இந்நோயின் உயிர்நாடி. அதற்கு இச்சிறு பொட்டு கூறும் மறுமொழி, நீண்ட சொற்பொழிவைவிட வலிமையுடையது என்று கருத இடமுண்டு.

படம் வரைதலும் உண்டு. தன்னைத் தானே வரைதல், தனது பெருந்துன்பத்தோடு கூடிய தன்னை வரைதல், அத்துன்பம் தீர்ந்தபின் தன்னை வரைதல் என மூன்று படங்கள். ஓவியத் திறமை பொருட்டன்று. வாயாற் சொல்ல முடியாததைச் சிலரது கை தாளில் சொல்லிவிடுகிறது. குடும்ப மரம் வரைதல், மனக்கண்ணில் பாதுகாப்பான இடத்தைக் காணுதல், தியானம், உடலை அசைத்து ஆடுதல் ஆகியனவும் திட்டத்தில் அடங்கும். எந்த மாணவனும் தான் பட்ட கொடுமையை எல்லோர்முன்னும் விவரிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இனி, பலன் என்ன? முதலில் 139 மாணவரிடம் செய்த முன்னோட்டத்தின் முடிவு 2004-இல் வெளிவந்தது. அதில் ஒப்புநோக்குவதற்குச் சிகிச்சை பெறாத குழு இல்லை. ஆகவே, நோய் தானே தணிந்ததா, சிகிச்சையால் தணிந்ததா எனப் பிரித்தறிய வழியில்லை. இக்குறையை நீக்கவே 2004 செப்டம்பர் முதல் 2005 மே வரை சுஹாரேகாப் பகுதியில் இரண்டாவது ஆராய்ச்சி நடைபெற்றது. நோயின் குறிகள் உறுதியாகக் காணப்பட்ட 82 மாணவர், குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உடனே 12 அமர்வுகள் நடத்தப்பெற்றன. மற்றப் பிரிவு காத்திருந்து பின்னர் அதே பயிற்சியைப் பெற்றது. நடத்தியவர்கள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். மனநோய் மருத்துவர்களும் உளவியலாரும் அவர்களுக்கு ஆலோசனை வழங்கினர்.

நோயின் கடுமையை அளக்க 16 வினாக்கள் கொண்ட ஹார்வர்ட் வினாத்தாள் பயன்பட்டது. ஒவ்வொரு குறிக்கும், ‘இல்லவே இல்லை’ என்பதற்கு 1 முதல் ‘மிகக் கடுமை’ என்பதற்கு 4 வரை மதிப்பெண். தொடக்கத்தில் இரு பிரிவின் சராசரியும் 2.5. பயிற்சிக்குப் பின் முதற் பிரிவின் சராசரி 2.0 ஆக இறங்கியது. காத்திருந்த பிரிவினது 2.4 அளவிலேயே நின்றது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் முதற் பிரிவினர் பெற்ற நலம் குன்றவில்லை. காத்திருந்தவர்களும் தமது முறை வந்து பயின்றபின் கணிசமாகத் தேறினர். 2008-இல் வெளியான இவ்வாராய்ச்சி, போருக்குப் பிந்திய மனநோயில் மனம்-உடல் பயிற்சிகளைக் குலுக்கல் முறையில் சோதித்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

அரைப் புள்ளி இறக்கம் அற்பமன்று, அற்புதமும் அன்று. பயின்ற மாணவரின் குறிகள் குறைந்தன. அறவே ஒழிந்தன என்று கொள்ளலாகாது. அன்றியும், ஒன்றும் பெறாமல் காத்திருந்தவரோடு ஒப்பிட்டதால், பலன் தந்தது மூச்சுப் பயிற்சியா, படமா, பரிவுள்ள ஆசிரியரோடு வட்டமாக அமர்ந்ததா என்பதை இந்த ஆராய்ச்சி கூறாது. அளவிலும் அது சிறியது. சிறுவர், பெரியோர் இருபாலாருக்கும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வகுத்த வழிகாட்டியில் முன்னிடம் பெற்றவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட எண்ண-நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவுச் சிகிச்சையுமே.

மற்றொன்றும் கூறவேண்டும். ‘தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்’ என்னும் பெயரில் பெசல் வான் டெர் கோல்க் 2014-இல் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றபின், துன்ப நினைவு தசைகளுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. நினைவுகளைக் காப்பது மூளையே. தசை விறைப்பு அதன் விளைவு. உருவகத்தை உடற்கூறு என மயங்கி, தசையைப் பிசைந்து நினைவை வெளியேற்றுவோம் எனக் கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை.

நம் நாட்டிலும் இத்துறையில் அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபின், அந்தமான் தீவுகளின் முகாம்களில் தங்கியிருந்த 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி அளிக்கப்பட்டது. அச்சம், துயரம், உறக்கக் குலைவு ஆகியவை குறைந்ததாக அவர்கள் தெரிவித்தனர். தென்னிந்தியக் கடற்கரை முகாம்களில் நோய் கடுமையாயிருந்த 183 பேரிடம் யோக மூச்சுப் பயிற்சி சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 2010-இல் வெளியாயிற்று. அங்கும் பயின்றவர்கள், காத்திருந்தவர்களைவிட வெகுவாகத் தேறினர். ஆயின் எவர் எப்பிரிவில் சேர்வது என்பது ஆளாளாகக் குலுக்கிப் போடாமல் முகாம்வாரியாகத் தீர்மானிக்கப்பட்டதால், அம்முடிவைச் சற்றுத் தயக்கத்துடனேயே கொள்ளவேண்டும்.

களத்தில் பணிபுரிவோர் சில செய்திகளை மனத்திற் கொள்ளல் நலம். வெள்ளமோ தீயோ விபத்தோ நேர்ந்த உடனே, பாதிக்கப்பட்டவரை ஒன்றுகூட்டி நடந்ததை விவரிக்கச் செய்யும் முறை நலம் பயப்பதில்லை என்பதால் உலகச் சுகாதார நிறுவனம் அதனை விலக்கியுள்ளது. முதல் நாட்களில் வேண்டியவை உணவு, உறைவிடம், உறவினரின் செய்தி ஆகியவையே. மூச்சுப் பயிற்சி கற்பிக்கும்போது கண்ணை மூடுமாறு வற்புறுத்தலாகாது. கண்ணை மூடியதும் காட்சிகள் எழுந்து கலங்குவோர் உண்டு. அத்தகையோர் கண் திறந்தபடியே, தரையில் பாதம் பதித்து, எதிரிலுள்ள பொருளொன்றைப் பார்த்தவாறு பயிலலாம். பயிற்சியின்போது நடுக்கமோ அழுகையோ மிகுந்தால், அங்கேயே நிறுத்தி அருகிருந்து ஆற்றுதல் வேண்டும். ஒரு மாதத்துக்குப் பின்னும் உறக்கமின்மையும் திடுக்கிடுதலும் நீடிக்கும் பிள்ளையை, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு மாதம் பார்த்திருத்தல் கூடாது, அன்றே அனுப்பவேண்டும். மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.