குறுக்கெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் தலைக்கவசங்கள்

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர் போடும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும்: பேச்சில் யாருமே சொல்லாத சில சொற்கள் அங்கே அடிக்கடி தலைகாட்டும். பழைய போர்வீரனின் தலைக்கவசம், வாள்வீச்சு வீரரின் வாள், சீமாட்டியின் ஊசிப்பெட்டி என்று ஒரு தனிக் கூட்டமே உண்டு. புதிர் அமைப்பவரின் புலமைதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். கட்டம் படுத்தும் பாடு அது.

1913 டிசம்பரில் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் முதல் புதிரை வெளியிட்டார். பின்னாளில் அமெரிக்காவில் நிலைத்த முறைப்படி, ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லிலும் பொருந்த வேண்டும். பிரிட்டிஷ் பாணியில் ஏறக்குறையப் பாதி எழுத்துகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்கப் புதிர்க்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. மூலையில் மாட்டிக்கொண்டால் உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொல்தான் அவரைக் காப்பாற்றும். அங்கேதான் பிரெஞ்சு வருகிறது. 'எபே' என்ற வாளின் பெயரை ஈ-பி-ஈ-ஈ என்று எழுதுவார்கள்; நான்கில் மூன்று உயிர். 'எட்வீ' என்ற ஊசிப்பெட்டி ஈ-டி-யு-ஐ, அதிலும் மூன்று. பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தின் தலையில் போடும் குறிகளைப் புதிர் கண்டுகொள்வதில்லை.

தலைக்கவசங்களும் இதே வீட்டுப் பிள்ளைகள்தான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனைக்கும் படைக்கும் பிரெஞ்சே மொழியானது. 'ஹெல்மெட்' என்ற சொல்லே பழைய பிரெஞ்சு வழியாக வந்ததுதான். கன்னத் தகடுகள் தாடையில் வந்து மூடும் 15ஆம் நூற்றாண்டுக் கவசம் 'ஆர்மெட்'. பிடரி வரை வால் நீண்டது 'சாலெட்'. நடுவில் கொண்டை வைத்த, ஸ்பானிய வீரர்கள் அணிந்த 16ஆம் நூற்றாண்டுக் கவசம் 'மோரியன்'. பொதுப்படையாகக் கேட்டு ஆறெழுத்து என்றால் 'காஸ்க்' என்று போட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்துச் சொல்லும் ஒன்று உண்டு: 'டோப்பி'. வெள்ளைக்கார துரைமார் வெயிலுக்குப் போட்ட தொப்பி. வங்காளத்தில் 'ஷோலா' என்பார்கள், நாம் நெட்டி என்போம். அந்தச் செடியின் தக்கையில் செய்தது. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலின் சிற்றுருவம் செய்வதும் இதே நெட்டியில்தான். புதிரில் இது நான்கெழுத்தாகவும் வரும், கடைசியில் இரண்டு ஈ சேர்ந்து ஐந்தெழுத்தாகவும் வரும். நான்கெழுத்து 'டோப்பி'க்கு ஆப்பிரிக்க மான் ஒன்றின் பெயர் என்ற இன்னொரு வேஷமும் உண்டு.

குறிப்பில் பாரிஸ், லியோன் மாதிரி ஊர்ப்பெயர் வந்தால் விடை பிரெஞ்சுச் சொல் என்று பெரும்பாலும் நம்பலாம். நீஸ் நகரம்தான் ஆளை ஏமாற்றும். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலும் 'நல்ல' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலும் ஒன்றே. அது குறிப்பின் முதல் சொல்லாக வந்தால், பெரிய எழுத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அப்போது முதலில் பிரெஞ்சையே முயன்று பாருங்கள்.