புகார் வராத தெரு சுத்தமான தெருவா?

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குப்பை அள்ள வரலை, பக்கத்து வீட்டு முற்றத்துல புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்குது என்றால் 311க்கு போன் போடுவார்கள். அவசர உதவிக்கான 911 எண்ணில் குவிந்த அவசரமில்லாத அழைப்புகளைத் திருப்பிவிட, 1996ல் பால்டிமோர் நகரம் ஆரம்பித்த ஏற்பாடு இது. நியூயார்க்கில் 2003ல் வந்தது. அந்தப் புகார்களை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கி, வரைபடம் போட்டுப் பார்க்கலாம்.

வரைபடத்தில் சிவப்பாகத் தெரிகிற இடம்தான் அழுக்கான இடம்னு நினைக்கத் தோணும். அங்கேதான் தப்பு.

ஒரு புகார் பதிவாக மூணு விஷயம் நடக்கணும். குப்பை கிடக்கணும். அதை ஒருத்தர் பார்க்கணும். பார்த்தவர், சொன்னால் நடக்கும்னு நம்பிப் போனை எடுக்கணும். கடைசியாகச் சொன்னதுதான் தெருவுக்குத் தெரு மாறுகிறது. சொந்த வீட்டுக்காரருக்குத் தெரு சுத்தமாக இருந்தால் வீட்டு மதிப்பும் நிற்கும். வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம். ஆவணம் இல்லாத குடியேறிக்கு அரசாங்க எண்ணைப் பார்த்தாலே பயம்.

பாஸ்டனில் டேனியல் ஓ'பிரையன், ராபர்ட் சாம்ப்சன், கிறிஸ்டோபர் வின்ஷிப் மூவரும் இதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டார்கள். கட்டுரை 2015ல் வந்தது. புகாரை மட்டும் நம்பாமல், எரியாத தெருவிளக்கு, உடைந்த நடைபாதை ஆகியவற்றை நேரில் பார்த்துப் பதிந்த கணக்கோடு ஒப்பிட்டார்கள். உதாரணத்துக்கு, இரண்டு பேட்டைகளிலும் பத்துப் பத்து விளக்கு எரியலை; ஒன்றிலிருந்து எட்டுப் புகார், இன்னொன்றிலிருந்து இரண்டு என்று வைத்துக்கொள்வோம். இந்த வித்தியாசம் விளக்கைப் பற்றியது இல்லை, அங்கே இருப்பவர்களைப் பற்றியது. அதைத் தனியாக அளந்துவிட்டால், மற்றப் புகார் எண்ணிக்கையையும் அதற்கேற்பத் திருத்தலாம்.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? புகார் வந்த இடத்துக்கு லாரி போகும். வராத இடத்தில் குப்பை கிடக்கும். "சொல்லி என்ன ஆகப்போகுது" என்ற எண்ணம் அங்கே இன்னும் கெட்டிப்படும், புகார் இன்னும் குறையும். பட்டியலில் மட்டும் அந்தப் பேட்டை சுத்தமாகத் தெரியும்.

வீட்டுப் பராமரிப்புப் புகாரில் வேறொரு சிக்கலும் உண்டு. குப்பைப் புகார் மாநகராட்சியை நோக்கிப் போகிறது. இது பக்கத்து வீட்டுக்காரர் மேல் போகிறது. ஆய்வாளர் வருவார், நோட்டீஸ், பிறகு அபராதம். கூரை மாற்றக் காசில்லாத முதியவர் அந்த அபராதத்தைக் கட்டிவிட்டு எதை வைத்துக் கூரை மாற்றுவார்?

அடுத்த முறை இப்படியொரு வரைபடம் கண்ணில் பட்டால், யாராவது தெருவில் நடந்து எண்ணிப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்க.