அரை அங்குல விமானி

டம்டமில் எழுந்த போர் விமானமும் ஒரு பிளாஸ்டிக் மாதிரியின் காக்பிட்டும்

திருவிழாக் கடைகளில் அரிசி மணியில் பெயர் எழுதித் தருகிறவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அந்த அரிசியில் பாதி அளவே உள்ள ஒரு முகத்துக்கு நிறம் தீட்டி, தலைக்கவசம் போட்டு, மூச்சுக் குழாய் மாட்டி, தோளில் வார் கட்டி உட்கார வைக்கிற வேலை ஒன்று இருக்கிறது என்றால் நம்புவது கடினம்தான். ஆனால் ஜெட் விமான மாதிரிகளைச் செய்யும் பொழுதுபோக்கில் இறங்கியவர்களுக்கு அது வழக்கமான வேலை.

இந்தப் பொழுதுபோக்கில் உலகெங்கும் பரவலாக உள்ள அளவுகளில் ஒன்று, எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கணக்கு மிக எளிது. ஆறடி ஆள் இந்த அளவில் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். அவரே உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை அரை அங்குலம். முகம் மூன்று மில்லிமீட்டர்.

இந்த அரை அங்குல மனிதருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? இறக்கையை ஒட்டி, சக்கரத்தைப் பொருத்தி, பெயின்ட் அடித்து அலமாரியில் வைத்தால் போதாதா? கொல்கத்தாவில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. அந்த விடை டம்டமில் தொடங்குகிறது.

டம்டமில் எழுந்த நால்வர்

1971 நவம்பர் 22. போர் முறைப்படி மூள்வதற்கு இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன. அகதிகள் கூட்டம் கூட்டமாக மேற்கு வங்காளத்துக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. எல்லையில் போய்ரா என்று ஓர் ஊர். சியால்டாவிலிருந்து பன்காவ் லோக்கலில் போய் இறங்கி, அதற்கும் வடக்கே போகவேண்டும். எல்லைக்கு அப்பால் கரீப்பூரில் இந்தியப் படை நிலைகொண்டிருந்தது. அதைத் தாக்குவதற்காகப் பாகிஸ்தானின் சேபர் ஜெட் விமானங்கள் அன்று காலையிலிருந்தே வந்துபோய்க்கொண்டிருந்தன.

பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்பு அவை மீண்டும் வந்தன. தரையில் இருந்து வழிகாட்டும் பொறுப்பில் இருந்தவர் கே. பி. பாக்சி என்ற இளம் அதிகாரி. டம்டமிலிருந்து 22-ஆம் ஸ்குவாட்ரனின் நான்கு ‘நாட்’ விமானங்கள் எழுந்தன. ஓட்டியவர்கள் ராய் மாஸி, எஸ். எப். சோரஸ், எம். ஏ. கணபதி, டான் லாசரஸ் ஆகிய நால்வர். சில நிமிடங்களில் சண்டை முடிந்துவிட்டது. கணபதியும் லாசரஸும் சுட்டதில் இரண்டு சேபர்கள் வீழ்ந்தன. அவற்றின் விமானிகள் பாராசூட்டில் இறங்கிச் சிறைப்பட்டனர். மாஸி சுட்ட மூன்றாவது விமானமும் வீழ்ந்தது என்றே அன்று கருதப்பட்டது. அது சேதத்தோடு டாக்கா திரும்பியது என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா விருது கிடைத்தது.

‘நாட்’ என்றால் ஆங்கிலத்தில் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி. பெயருக்கு ஏற்ற உருவம். நீளம் சுமார் 29 அடி, இறக்கையின் முழு அகலம் சுமார் 22 அடி. டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர் என்பவர் வடிவமைத்த இந்த விமானம் பிரிட்டனில் 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. பிறகு பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது. காற்றுப் புகும் வாயின் இருபுறமும் 30 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொன்று. இரண்டுக்கும் நடுவே, முழங்கையை அகட்ட இடமில்லாத ஓர் அறையில் ஒரே ஒரு மனிதர். அந்த அறைதான் காக்பிட்.

பெட்டிக்குள் இருப்பது வேறு

இந்த விமானத்தை மாதிரியாகச் செய்ய விரும்புகிறவர் முதலில் ஏமாறுவது கடையில்தான். பிரிட்டனின் ஏர்பிக்ஸ் நிறுவனம் 1960-களிலிருந்து விற்ற ‘நாட்’ பெட்டி பிரபலமானது. ஆனால் அதில் உள்ளது இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம். பிரிட்டனின் ‘ரெட் ஆரோஸ்’ சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது அந்த வகையில்தான். போய்ராவில் பறந்ததோ ஒற்றை இருக்கைப் போர் விமானம்.

பின் இருக்கையை அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கக்கூடாது. பயிற்சி விமானம் நீளத்திலும் இறக்கை அகலத்திலும் பெரியது. பிற்காலத்தில் செக் நாட்டு நிறுவனம் ஒன்று ஒற்றை இருக்கை வகையையும் அதன் இந்திய வாரிசான ‘அஜீத்’ விமானத்தையும் கொண்டுவந்தது. ஆகவே பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து மயங்காமல் இருக்கை ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது.

பெட்டியின் விலை மாதச் சம்பளக்காரருக்குச் சற்றுக் கனம்தான். ஆனால் காக்பிட்டுக்குத் தேவையான மற்றப் பொருள்கள் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்.

காக்பிட் தயாராகும் விதம்

காக்பிட்டை முதலில் முடித்துவிட வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு உள்ளே தூரிகை போகாது. மூக்கில் சக்கரம் உள்ள விமானமானால் காக்பிட்டின் முன்னும் அடியிலும் சிறு ஈயத் துண்டுகளை வைத்து ஒட்டிவிட வேண்டும். இதை மறந்தவர்களின் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும்.

நிறத்தில் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் வழி வந்த விமானங்களின் உட்புறம் பெரும்பாலும் கறுப்பு. ரஷ்ய வழி வந்த மிக்-21 விமானத்தின் உட்புறமோ மயில் கழுத்து போன்ற நீலப்பச்சை. 2025 செப்டம்பரில் இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்ற மிக்-21-ஐச் செய்கிறவர் கறுப்பு அடித்துவிட்டால், விஷயம் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கறுப்பு என்றாலும் தனிக் கறுப்பை அடிக்கக்கூடாது. இவ்வளவு சிறிய அறையில் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கரும் சாம்பல் அடித்து, காய்ந்தபின், வெளிர் சாம்பலில் தோய்த்த தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு மேடுகளின் மீது மட்டும் லேசாக உரசவேண்டும். விளிம்புகள் பளிச்சென்று எழுந்து நிற்கும். பழைய பித்தளைக் குத்துவிளக்கில் தேய்ந்த இடம் மட்டும் மின்னுவதைப் போன்றதுதான் இது.

கருவிப் பலகையில் உள்ள ஒவ்வொரு வட்டத்திலும் குண்டூசி முனையால் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வைத்தால் கண்ணாடி போட்ட கடிகார முகம் போலத் தெரியும். உதிரிகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சற்று எட்டப் பிடித்து, இளகியதும் சுடரிலிருந்து விலக்கி இரு பக்கமும் இழுத்தால் மயிரிழை போல் நீளும். இடதுபுற விசைப் பிடியும் நடுவில் உள்ள ஓட்டுத் தண்டும் அதிலிருந்தே செய்துகொள்ளலாம்.

அடுத்தது இருக்கை. அது சாதாரண நாற்காலி அல்ல. ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறிகிற இருக்கை. நாட் விமானத்துக்காக ஸ்வீடனின் சாப் நிறுவன வடிவத்தை அடிப்படையாக வைத்து எடை குறைந்த இருக்கை ஒன்று செய்யப்பட்டது. மாதிரியில் அதன் வார்களுக்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத் தாளே போதும். அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, மங்கிய காக்கி நிறம் தீட்டி, விமானியின் தோள்மீது மடித்துப் போட்டால் துணி வார் போலவே படியும்.

கழுத்தை வெட்டித் திருப்பு

இனி விமானி. பெட்டியோடு வருகிற பொம்மை பெரும்பாலும் கைகளை மடியில் வைத்து, நேரே பார்த்தபடி, சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தவர் போல இருக்கும். போர் விமானி அப்படி இருக்கமாட்டார். ஜெட் சண்டையில் எதிரி வருவது பெரும்பாலும் பின்னாலிருந்து. விமானியின் கழுத்து ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஆகவே மெல்லிய ரம்பத்தால் கழுத்தை வெட்டித் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி ஒட்டுகிறார்கள். வலது கையை முழங்கையில் வெட்டி ஓட்டுத் தண்டின்மேல் வைக்கிறார்கள். இடது கை விசைப் பிடிக்குப் போகிறது. மூன்றே வெட்டுகளில் பயணி விமானியாகிவிடுகிறார். தலை கண்ணாடியில் இடித்தால் பொம்மையின் உட்காரும் பகுதியை அரத்தால் தேய்த்துத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

தோல் நிறத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். பெட்டியில் வரும் குறிப்புத் தாளில் வெள்ளைக்காரரின் இளஞ்சிவப்புத்தான் போட்டிருக்கும். அதையே அடித்தால் இந்திய வட்டச் சின்னம் போட்ட விமானத்துக்குள் வெளிநாட்டார் உட்கார்ந்திருப்பார். மாநிறத்துக்குப் பழுப்போடு சிறிது காவியும் சிறிது மஞ்சளும் கலக்க வேண்டும். முதலில் சற்றுக் கருத்த நிறம். அது காய்ந்தபின் மூக்கு, கன்னமேடு ஆகிய இடங்களில் மட்டும் சற்று வெளுத்த நிறம்.

கண் வரையலாமா? குமார்டுலியில் துர்கை உருவங்களுக்கு மகாளய நாளில் கண் திறக்கிற மரபு உண்டு. உருவத்துக்கு உயிர் வருவது அப்போதுதான் என்பது நம்பிக்கை. ஆனால் மூன்று மில்லிமீட்டர் முகத்தில் வெள்ளை விழியும் கரு விழியும் வைத்தால் பேயைக் கண்டு அரண்டவர் போல ஆகிவிடும். புருவத்தின் கீழ் ஒரு கீற்று நிழல் போதும்; பார்க்கிறவரின் மனமே மீதியை வரைந்துகொள்ளும்.

கிருஷ்ணநகர் லோக்கலில் போய் வந்தவர்கள் ஜலங்கி நதிக்கரையில் உள்ள கூர்ணியைப் பார்த்திருக்கலாம். அங்கே மண் பொம்மை செய்கிறவர்கள் கோட்டுப் போட்ட பாபுவையும், மூட்டை சுமக்கும் கூலியையும், மீன் விற்கும் பெண்ணையும் அசலாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒவ்வொருவரின் வேலைக்கு ஏற்ப உடம்பு எப்படி வளையும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். சுமைக்காரரின் கழுத்து ஒரு விதம், எழுதுகிறவரின் முதுகு ஒரு விதம். விமானி பொம்மை செய்கிறவருக்கும் இதே பாடம்தான்.

கண்ணாடி மூடி

எல்லாம் முடித்து, கடைசியில் கண்ணாடி மூடியை ஒட்டும்போது பாழாக்கிக்கொள்கிறவர்கள் அநேகர். உடனே ஒட்டும் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி உட்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு மாத உழைப்பு மூடுபனிக்குள் போய்விடும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையே இதற்கு ஏற்றது. ஈரமாக இருக்கும்போது துடைத்துவிடலாம், காய்ந்தால் நிறம் தெரியாது. கண்ணாடியில் கீறல் இருந்தால் பற்பசையை மென்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் மறையும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை மட்டும் கிட்டே கொண்டுவரக்கூடாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

எதிர் விமானத்தில் இருந்தவர்

இவ்வளவு சிரமம் எதற்கு என்ற கேள்விக்கு இனி விடை சொல்லலாம்.

போய்ராவில் சிறைப்பட்ட இருவரில் ஒருவர் பர்வேஸ் மெஹதி குரைஷி. பாராசூட்டில் இறங்கிய அவரை ஆத்திரத்தோடு சூழ்ந்துகொண்டு தாக்கத் தொடங்கிய வீரர்களிடமிருந்து காப்பாற்றியவர் 4-ஆவது சீக்கியப் பட்டாளத்தின் இளம் அதிகாரி எச். எஸ். பனாக். பிற்காலத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்த பனாக், இதைத் தாமே எழுதியிருக்கிறார். குரைஷி நாடு திரும்பி, 1997 முதல் 2000 வரை பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

அவர் தளபதியான செய்தி அறிந்து வாழ்த்துக் கடிதம் எழுதியவர்களில் டான் லாசரஸும் ஒருவர். நாம் ஒருமுறை வானத்தில் சந்தித்திருக்கிறோம் என்று அதில் அவர் குறிப்பிட்டார். பதில் வந்தது. வாழ்த்துக்கு நன்றி சொல்லி, அன்று இந்திய விமானிகள் போரிட்ட விதத்தையும் குரைஷி அதில் பாராட்டியிருந்தார்.

டம்டம் ஸ்குவாட்ரனுக்கு அப்போது தலைவராக இருந்த பி. எஸ். சிகந்த், 1965 போரில் தம் நாட் விமானத்தோடு பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கிச் சிறைப்பட்டு மீண்டவர். அந்த விமானம் கராச்சியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இயந்திரம் அங்கே நின்றுவிட்டது; மனிதர் திரும்பி வந்து, ஆறு ஆண்டுகளில் வேறு நான்கு இளைஞர்களை வானுக்கு அனுப்பினார்.

‘நாட் மூன்று சேபர்களை வீழ்த்தியது’ என்று எழுதிவிடுவது சுலபம். சுட்டவரும் மனிதர், சுடப்பட்டவரும் மனிதர், நடுவில் புகுந்து அடியைத் தடுத்தவரும் மனிதர் என்பது அந்த ஒரு வரியில் மறைந்துபோகிறது. காலி இருக்கையோடு அலமாரியில் நிற்கும் மாதிரியிலும் அதேதான் மறைகிறது.

நவராத்திரி வந்தால் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கொலுப்படி ஏறும். வெளியே பந்தலில் டாக் மேளம், உள்ளே சுண்டல். கொலுவுக்குக் கீழே பிள்ளைகள் பார்க் கட்டுவார்கள், ரயில் விடுவார்கள், சில வீடுகளில் விமான நிலையமும் உண்டு. அங்கே ஒரு ஜெட் விமானத்தை வைத்துப் பாருங்கள். பார்க்க வரும் சிறு குழந்தை இறக்கையின் அளவையோ வர்ணத்தையோ கேட்காது. குனிந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, “இதை ஓட்டுற மாமா எங்கே?” என்றுதான் கேட்கும்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக உள்ளே ஒருவர், தலையை ஒரு பக்கம் திருப்பியபடி, அரை அங்குல உயரத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.